இல்லாத கருவிக்கு இலக்கணம் எழுதியவர்: சுவாமி விபுலானந்தரும் யாழும்

1947ஆம் ஆண்டு ஜூன் 5. இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் பத்து வாரங்கள் இருந்தன. தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர் சிவன் கோயிலில் ஒரு நூலின் அரங்கேற்றம் தொடங்கியது. ஊர்வலத்தில் சிலர் இசைக்கருவிகளை ஏந்தி வந்தார்கள். முளரி யாழ், சுருதி வீணை, பாரிசாத வீணை, சதுர்தண்டி வீணை என்பன அவற்றின் பெயர்கள். கூடியிருந்தவர்களில் யாழ் என்ற சொல்லைக் கேட்காத தமிழர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்தக் கருவியைக் கண்ணால் கண்டவர் யாரும் இருந்திருக்கவும் முடியாது. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது வழக்கொழிந்து போயிருந்தது.

அரங்கேறிய நூல் ‘யாழ் நூல்’. எழுதியவர் இலங்கையின் கிழக்குக் கரையில் பிறந்த ஒரு துறவி, சுவாமி விபுலானந்தர். ஏறத்தாழ 14 ஆண்டுகள் அவர் இந்த ஆய்வில் செலவிட்டிருந்தார். அரங்கேற்றத்தின்போது அவருடைய உடல் மிகவும் தளர்ந்திருந்தது. இரண்டு நாள் விழா முடிந்து ஆறு வாரங்களில் அவர் காலமானார்.

கிழக்கில் வளர்ந்த எவருக்கும் விபுலானந்தரைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவருடைய படம் பாடசாலைச் சுவர்களில் தொங்குகிறது. அவர் பெயரில் வீதிகளும் மன்றங்களும் உள்ளன. பேச்சுப் போட்டிகளில் முத்தமிழ் வித்தகர் என்று பிள்ளைகள் அவரை விளிப்பார்கள். ஆனால் அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் வேலை என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அவர் செய்தது ஒருவகை மீட்பு வேலை. அழிந்துபோன ஒன்றை, எஞ்சிய துண்டுகளை வைத்துக்கொண்டு மீண்டும் கட்டியெழுப்பும் வேலை. போரில் பலதையும் இழந்துவிட்டு நிற்கும் எங்களுக்கு, அவர் அதை எப்படிச் செய்தார் என்பது வெறும் இசை வரலாறு மட்டுமல்ல.

காரைதீவிலிருந்து

1892 மார்ச் 27இல் காரைதீவில் பிறந்தார். அன்று அது மட்டக்களப்பு மாவட்டம், இன்று அம்பாறை. தந்தை சாமித்தம்பி, தாய் கண்ணம்மை. பெற்றோர் வைத்த பெயர் மயில்வாகனன். அதே ஆண்டில்தான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்து வெளியிட்டார். பிற்காலத்தில் மயில்வாகனன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுக்கப்போகும் நூல், அவர் தொட்டிலில் கிடந்தபோது அச்சேறியது.

கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். ஆங்கிலமும் கணிதமும் நன்றாக வந்தன. ஆசிரியப் பயிற்சி பெற்று, படித்த கல்லூரியிலேயே கற்பித்தார். பின்னர் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒரு கையில் ஆய்வுகூடக் குழாய், மறு கையில் தொல்காப்பியம். அந்தக் காலத்தில் இவை இரண்டும் வேறுவேறு ஆட்களின் வேலை. பண்டிதர்கள் பௌதிகம் படிப்பதில்லை. விஞ்ஞானம் படித்தவர்கள் சங்க இலக்கியத்தைத் திறப்பதில்லை.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். வயது 28. ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல நிலை வேறென்ன? அந்த நிலையைத்தான் அவர் விட்டுவிட்டுப் போனார். 1922இல் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றபோது விபுலானந்தர் என்ற பெயர் கிடைத்தது.

திருகோணமலையில்

1925இல் அவர் இலங்கைக்குத் திரும்பி வந்தார். தமிழ்ப் பிரதேசங்களில் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைக் கட்டி நடத்துவது அவருடைய பொறுப்பு. அதே ஆண்டில் திருகோணமலை இந்துக் கல்லூரி மிஷனின் கைக்கு வந்தது. 1897இல் தொடங்கப்பட்ட அந்தப் பாடசாலைக்கு விபுலானந்தர் முகாமையாளராக இருந்தார். சில காலம் அதிபராகவும் இருந்தார். வித்தியாலயம் வீதியில் ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என்ற பெயரில் இன்று இருப்பது அதுதான்.

1920களின் திருகோணமலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துறைமுகம் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது. ஊரின் முக்கியத்துவம் அந்த ஆழமான நீரிலும் அங்கு வந்து நிற்கும் கப்பல்களிலும்தான் அளக்கப்பட்டது. கோணேசர் மலையில் கோட்டை நின்றது, கோயில் இல்லை. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் அதை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தியிருந்தார்கள். கோட்டை வாசலில் பாண்டியரின் இணைக்கயலும் தமிழ் எழுத்தும் பொறித்த கல் இன்றும் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்விக்கூடம் தேடித் திரிந்த சந்நியாசி இந்த ஊரில்தான் தன் கல்விப் பணியின் தொடக்க ஆண்டுகளைக் கழித்தார்.

1926இல் ‘மதங்க சூளாமணி’ வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ்க் கூத்து மரபையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்த நூல் அது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை முழக்குவோன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொரு கலைஞருக்கும் வேண்டிய தகுதிகளை இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். நாடகத்துக்காக அந்தக் காதைக்குள் போனவர் யாழாசிரியனிடம் போய் நின்றுவிட்டார்.

1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அருகே வாவி. நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே நீருக்குள்ளிருந்து ஒரு மெல்லிய ஓசை எழுகிறது என்பது அந்த ஊரின் பழைய சங்கதி. மீன் பாடுகிறது என்பார்கள். விபுலானந்தர் அந்த ஓசையை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாட்டாகவே எழுதினார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. சிதம்பரத்தில் இருந்த காலத்தில் பாரதியின் பாடல்களைப் பல்கலைக்கழக மண்டபத்துக்குள் கொண்டுவந்தார். மாலையில் பக்கத்திலுள்ள திருவேட்களத்துக்குப் போய் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். யாழ் ஆய்வு முழு வேகத்தில் தொடங்கியது அங்கேதான்.

ஐரோப்பியர் தேடிய பழைய ஒலி

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியே போய் வருவோம். அவர் கையிலெடுத்த வேலை எவ்வளவு கடினமானது என்று புரிய அது உதவும்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் சில இசைக்கலைஞர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ 1725இல் அச்சானது. வயலினை முதன்மையாக வைத்து எழுதிய அந்தக் கொன்சேர்ட்டோக்களை நாங்கள் வாசிப்பதுபோலத்தான் விவால்டி வாசித்தாரா? இல்லை என்பது தெரிந்திருந்தது. அந்தக் காலத்து வயலினுக்கு ஆட்டுக்குடலில் திரித்த தந்தி. வில் வேறு வளைவு. சுருதியும் இன்றைய பொதுச் சுருதியைவிடத் தாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பெரிய மண்டபங்களுக்காகப் பழைய வயலின்களின் கழுத்தை நீட்டிச் சாய்த்து, உள்ளே இருந்த தாங்குமரத்தையும் பலப்படுத்தி மாற்றியிருந்தார்கள். ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் பெரும்பாலானவைகூட இப்படி மாற்றப்பட்டவைதான்.

1953இல் வியன்னாவில் நிக்கொலவுஸ் ஆர்னொன்கூர் தன் நண்பர்களோடு ஒரு குழு அமைத்தார். பழைய கருவிகளைத் தேடி எடுத்தார்கள். குடல் தந்தி கட்டினார்கள். பழைய பயிற்சி நூல்களைப் படித்து வில் பிடிக்கும் முறையையே திரும்பக் கற்றார்கள். 1970களில் அந்தக் குழு விவால்டியின் அதே வயலின் கொன்சேர்ட்டோக்களை இசைத்தட்டாக வெளியிட்டது. முதன்மை வயலின் அலிஸ் ஆர்னொன்கூர். கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சிலருக்கு அது கரடுமுரடாக இருந்தது, சிலருக்குப் புதிதாகப் பிறந்ததுபோல இருந்தது. இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ஹொக்வூட் போன்றோர் அதே வழியில் போனார்கள். இன்று அது ஒரு பெரிய ஒலிப்பதிவு மரபு.

அவர்களுக்கு இருந்த வசதிகளைக் கவனியுங்கள். சுரக்குறிப்பு அச்சில் இருந்தது. கருவிகள் அருங்காட்சியகங்களில் இருந்தன. செய்முறை தெரிந்த பட்டறைகள் இருந்தன. வயலின் என்ற கருவி ஒரு நாளும் சாகவில்லை, உருவம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

விபுலானந்தரிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு யாழ்கூட மண்ணுக்கு மேலே மிஞ்சவில்லை. சுரக்குறிப்போடு எழுதிய பழைய பாட்டு கையில் இல்லை. ஆசான் மாணவன் என்று வந்த வாசிப்பு மரபு அறுந்து போய்விட்டது. யாழ்ப்பாணம் என்ற ஒரு முழு ஊருக்கே அந்தக் கருவியின் பெயர். ஒரு யாழ்ப்பாணனுக்குப் பரிசாகக் கிடைத்த நிலம் என்ற கதையைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்கிறோம். பேருந்துப் பலகையிலும் பத்திரிகைத் தலைப்பிலும் தினமும் ‘யாழ்’ என்று வாசிக்கிறோம். அந்த ஊர் தன் பெயரின் ஒலியைக் கேட்டதில்லை.

செய்யுளில் ஒளிந்திருந்த கருவி

அவர் கையில் இருந்தது சொற்கள் மட்டுமே. சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை நூல்களில் பாணர்கள் யாழோடு நடந்து போகிறார்கள். அந்தக் கவிஞர்கள் கருவியைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்வதில்லை. பொருநராற்றுப்படை யாழின் ஒவ்வொரு உறுப்பையும் உவமையோடு சொல்கிறது. குளம்பு பதிந்த தடம்போல் நடுவே பிளவுபட்டுத் தெரியும் பத்தர், அதன்மேல் விளக்குச் சுடரின் நிறத்தில் தோல் போர்வை, வளைந்த கோடு, அதில் நரம்பை இறுக்கிக் கட்டும் திவவு. ஒரு தச்சனுக்குப் போதாவிட்டாலும் ஒரு தேடலைத் தொடங்க அது போதும்.

அடுத்த சான்று சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை. நால்வகை யாழையும் அவற்றின் நரம்புகளையும் அவர் தெளிவாகக் கணக்கிட்டுத் தருகிறார். பேரியாழுக்கு 21 நரம்பு, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7. இந்த ஒற்றைக் கணக்கு இல்லாமல் போயிருந்தால் பின்னால் வந்த ஆய்வில் பாதிக்கு வழியே இருந்திருக்காது. அதே அடியார்க்குநல்லாரின் உரை முழுமையாகக் கிடைக்கவும் இல்லை. யாழும் பாட்டும் நிறைந்த கானல் வரிக்கு அவருடைய உரை இல்லை. அவர் மேற்கோள் காட்டும் இசை நூல்கள் பலவும் தொலைந்துவிட்டன. அவற்றில் ஒன்றான பஞ்சமரபு அச்சில் வந்தது 1970களில். அதைப் பார்க்க விபுலானந்தர் அப்போது இல்லை.

மூன்றாவது சான்று கல். அமராவதிச் சிற்பங்களில் வில்போல் வளைந்த யாழைப் பெண்கள் மீட்டுகிறார்கள். புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுரக்கோவைகளையே பாறையில் வெட்டி வைத்த அபூர்வம் அது. பர்மாவில் இன்றும் வாசிக்கப்படும் வளைந்த யாழான சௌங், இந்தியாவிலிருந்து மறைந்துபோன இந்தக் குடும்பத்தின் உயிரோடிருக்கும் உறவு.

இலக்கியம், உரை, சிற்பம், கல்வெட்டு. இவற்றை இணைக்க ஒன்று தேவைப்பட்டது. அது கணிதம்.

22 அலகும் ஒரு விஞ்ஞானப் பட்டதாரியும்

தமிழிசையின் ஏழு சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். பழைய நூல்கள் ஒவ்வொன்றுக்கும் இத்தனை மாத்திரை என்று அளவு தருகின்றன. 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டினால் 22. தமிழ் மட்டும் படித்தவருக்கு இது மனப்பாடம் செய்யும் ஒரு பட்டியல். பௌதிகம் படித்த விபுலானந்தருக்கு இது தந்தியின் நீளத்தையும் அதிர்வையும் பற்றிய தரவு.

ஒரு தந்தியை நீளத்தில் பாதியாக்கினால் ஒலி ஒரு தானம் மேலே போகும். மூன்றில் இரண்டாக்கினால் குரலிலிருந்து இளி பிறக்கும். அந்த இளியைக் குரலாக வைத்து மறுபடியும் அதே கணக்கைச் செய்தால் அடுத்த சுரம். இப்படியே போனால் ஏழும் வந்துவிடும். பழந்தமிழர் நரம்பைச் செவியால் இசைத்துச் செய்ததை அவர் எண்களாக எழுதிப் பார்த்தார்.

யாழின் அமைப்பை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். வீணையில் ஒரே தந்தியில் மெட்டுக்கு மெட்டு விரல் வைத்துப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் அப்படியில்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஆகவே எந்த நரம்பைக் குரலாக வைத்துத் தொடங்குகிறோமோ அதற்கேற்பப் பண்ணின் நிறமே மாறிவிடும். ஒரே கட்டில் ஏழு தொடக்கங்கள், ஏழு பாலைகள். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. யாழ் நூலில் ‘பாலைத் திரிபியல்’ என்ற இயல் இதைத்தான் விரித்துச் சொல்கிறது.

நூலில் ஏழு இயல்கள். பாயிரவியலில் தொடங்கி, கருவியின் உறுப்புகளைச் சொல்லும் யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத் திரிபியல், பண்ணியல், தேவாரவியல் என்று போய் ஒழிபியலில் முடிகிறது. வாசிக்க எளிய நூல் அல்ல. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணையும் பின்னமும் வரும். அவர் அதைக் கதையாகச் சொல்லியிருக்கலாம், பலரும் விரும்பிப் படித்திருப்பார்கள். ஆனால் பின்னால் வரும் ஒருவன் கணக்கைச் சரிபார்க்க முடியாமல் போயிருக்கும். தான் எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்ற வழியை முழுக்க எழுதி வைத்தார். அதனால்தான் பின்வந்த இசை ஆய்வாளர்கள் சிலர் அவருடைய முடிவுகளோடு முரண்பட்டு, இந்தக் கணக்கு இப்படி இருக்க வேண்டும் என்று வாதிட முடிந்தது. அவருக்கு முன்பே, 1917இல், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலில் 24 சுருதி என்று வாதிட்டிருந்தார். விபுலானந்தர் 22 என்ற வழியில் போனார். அந்த விவாதம் ஆரோக்கியமான விவாதம்.

இந்த வேலை ஒரே மேசையில் நடந்ததல்ல. 1939இல் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்துக்குப் போய் ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். யாழ்க் குறிப்புகளும் கூடவே போயின. உலகப் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. அந்தப் போர் ஆண்டுகளில்தான் இருபத்தொரு நரம்பின் கணக்கும் வளர்ந்துகொண்டிருந்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் கெட்டது. நூலை முடிக்கப் புதுக்கோட்டையில் இடமும் பொருளும் கொடுத்து உதவியவர் பெ. ராம. ராம. சித. சிதம்பரம் செட்டியார். அச்சிட்டு வெளியிட முன்வந்தது கரந்தைத் தமிழ்ச் சங்கம்.

கடலுக்குள் போன கோயில், தப்பிய பண்

யாழ் ஏன் மறைந்தது? இதற்குச் சம்பந்தர் காலத்துக் கதை ஒன்று சொல்லப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகத்தை யாழில் அடக்க முடியாமல் போகவே, பாணர் மனமுடைந்து கருவியையே முறிக்கப் போனார் என்கிறது பெரிய புராணம். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்றே பெயர். பக்திக் கதையாகச் சொல்லப்பட்டாலும் அதற்குள் ஓர் இசை உண்மை இருக்கிறது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்ற கருவியில் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்கிச் செல்லும் கமகத்தைக் கொண்டுவருவது கடினம். குரலில் கமகம் வளர வளர யாழ் பின்தங்கியது, வீணை முன்னுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தபோது அது இலகுவாக ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் இதுவே. மெட்டே இல்லாத அந்தக் கருவியில் விரல் எங்கும் வழுக்கலாம். எந்தக் குறையால் யாழ் தோற்றதோ அந்த இடத்தில் வயலின் வென்றது.

சம்பந்தரின் பெயரோடு திருகோணமலைக்கு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. அவர் இராமேஸ்வரத்தில் நின்றபடியே கோணமலைக்கு ஒரு பதிகம் பாடியதாக மரபு. அதன் பண் புறநீர்மை. இன்று பூபாள இராகத்தில் அதைப் பாடுகிறார்கள். கோயிலின் தூண்களும் சிலைகளும் சுவாமி மலையின் அடிவாரக் கடலுக்குள் போய்விட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே சுழியோடியபோது கடலடியில் கோயிலின் கற்களைக் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடையில் 340 ஆண்டுகள் மலைமேல் கோயில் இல்லை. அந்த ஆண்டுகளிலும் பதிகம் தன் பண்ணின் பெயரோடு ஏட்டில் இருந்தது, ஓதுவார்களின் தொண்டையில் இருந்தது.

யாழ் நூலின் தேவாரவியல் எழுதப்பட முடிந்ததும் இதனால்தான். கருவி போய்விட்டது. வாசித்த பாணர் குலம் சிதறிவிட்டது. ஒவ்வொரு பதிகத்துக்கும் மேலே இது இன்ன பண் என்று யாரோ எழுதி வைத்த ஒரு சொல் போகவில்லை. விபுலானந்தர் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்.

விழாவுக்குப் பின்

திருக்கொள்ளம்பூதூரும் சம்பந்தர் பாடிய தலம். ஆற்றில் வெள்ளம் போனபோது அவர் பதிகம் பாடி ஓடத்தில் கரை சேர்ந்தார் என்பது தலக்கதை. அந்தக் கோயிலில், நூலின் இலக்கணப்படி செய்த யாழை சங்கீத பூஷணம் க. பொ. சிவானந்தம் பிள்ளை மீட்டினார். சொல்லில் மட்டும் இருந்த கருவிக்கு உடம்பும் ஒலியும் கிடைத்த நாள் அது.

விபுலானந்தர் 1947 ஜூலை 19இல் கொழும்பில் காலமானார். வயது 55. உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

அதன்பின் யாழ் கச்சேரி மேடைக்குத் திரும்பிவிட்டது என்று சொன்னால் அது பொய். திரும்பவில்லை. ஐரோப்பாவில் பழைய வயலினுக்கு நடந்தது இங்கே நடக்கவில்லை. அங்கே நூல், கருவி செய்பவர், வாசிப்பவர், ஒலிப்பதிவு நிறுவனம், வாங்கிக் கேட்பவர் என்று ஒரு சங்கிலி இருந்தது. இங்கே முதல் கண்ணியை ஒருவர் தன் ஆயுளைக் கொடுத்துச் செய்தார். மற்றவை வரிசையாக வந்து சேரவில்லை. சில ஆண்டுகளில் நாடு வேறு திசையில் போனது. 1956, 1958, 1977, 1983 என்று ஆண்டுகளே எங்களுக்குப் பெயர்களாயின. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் போயின. உயிரைக் காப்பாற்ற ஓடும் சனத்துக்கு நரம்புக் கருவியின் இலக்கணம் எங்கே நினைவுக்கு வரும்?

ஆனாலும் சங்கிலி முழுக்க அறவில்லை. கல்லடியில் அவர் பெயரில் தொடங்கிய இசை நடனக் கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருக்கிறது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. சென்னையில் ‘உரு’ என்ற பட்டறையில் தருண் சேகர் என்ற இளைஞர் யாழைச் செதுக்கிச் செய்து, புதிய பாடல்களில் அதன் ஒலியைப் பதிவுசெய்கிறார். கைத்தொலைபேசியில் யாழ் என்று தேடினால் இன்று ஒலி கேட்கிறது. 1947இல் அந்தக் கோயில் வீதியில் நின்றவர்களைத் தவிர அந்தத் தலைமுறையில் வேறு யாருக்கும் கிடைக்காத வசதி இது.

எங்கள் கையில் இருப்பது

திருகோணமலையிலும் மூதூரிலும் சம்பூரிலும் வயதான அண்ணாவிமார், உடுக்கடித்துப் பாடுவோர், கும்மி சொல்லிக்கொடுத்த அம்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய கொப்பிகள் இடம்பெயர்வில் தொலைந்தன. ஒலிநாடாக்கள் பங்கருக்குள் ஈரமாகிப் போயின. மத்தளம் சொந்த ஊரிலேயே விடப்பட்டது. இப்படி இழந்தவர்களிடம் பேசும்போது அவர்கள் முதலில் சொல்வது எல்லாம் போய்விட்டது என்றுதான். கொஞ்ச நேரம் இருந்து கேட்டால் ஒரு தரு வரும், ஒரு தாளக்கட்டு வரும், மத்தளத்துக்கு எந்த மரம், எந்தத் தோல், யார் கட்டினார் என்ற விபரம் வரும்.

இன்று எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒரு பாட்டைப் பதிவுசெய்வது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தப் பதிவோடு யார் பாடினார், எந்த ஊர், யாரிடம் கற்றார், என்ன இராகம், என்ன தாளம் என்று எழுதி வைப்பவர்கள் குறைவு. பத்து ஆண்டு கழித்து அந்த வீடியோவைத் திறக்கும் பேரப்பிள்ளைக்கு அது வெறும் சத்தமாகத்தான் இருக்கும். அடியார்க்குநல்லாரிடம் ஒலிப்பதிவுக் கருவி இருக்கவில்லை. நான்கு எண்களை மட்டும் சரியாக எழுதி வைத்தார். பல நூற்றாண்டுகள் கழித்து காரைதீவில் பிறந்த ஒருவருக்கு அது போதுமாயிருந்தது.

விபுலானந்தர் எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு காவியுடைப் படமாக நின்றுவிட்டார். அவர் விட்டுப்போன வேலை அந்தப் படத்தைவிடப் பெரியது, அது இன்னும் முடியவும் இல்லை. வீட்டில் ஒரு பழைய கொப்பியோ, பாடத் தெரிந்த ஒரு பாட்டியோ இருந்தால் அந்த வேலையை நீங்களும் இன்றே தொடங்கலாம். பெயரையும் ஊரையும் திகதியையும் மறக்காமல் எழுதுங்கள்.